பேசாதவர்களுக்காக ஒரு குழு: 62,900 ரூபாயும் பதினான்கு மாத இரவுகளும்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கணக்கெழுதுவதுதான் என் பிழைப்பு. பாதியில் நின்றுபோன ஆப் ஒன்றுக்கு 40,000 ரூபாய். வீடியோ கூட்டத்துக்கு ஐந்து மாதச் சந்தா 6,500. ஏழே பேர் வந்த ஒரு சந்திப்புக்கு மண்டபம், சாப்பாடு, பேனர் எல்லாம் சேர்த்து 16,400. ஆக மொத்தம் 62,900. 2021 ஜூனிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை தொலைத்த தூக்கத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனையும் அதிகம் பேசாத சுபாவக்காரர்களுக்கு ஆன்லைனில் ஓர் இடம் அமைக்கப் போய் வந்த வினை. அந்தக் குழு இன்றும் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நான் கட்டியதெல்லாம் இடிந்த பிறகு மிஞ்சியதுதான் அது. இதே ஆசையோடு யாராவது கிளம்பினால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

எனக்குக் கோயம்புத்தூர். நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சின்ன வயதில் வீட்டில் என்னை அமுக்குணி என்பார்கள், பள்ளிக்கூடத்தில் உம்மணாமூஞ்சி. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு விருந்தில் இரண்டு மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். பின்னாலேயே மாமியார் வந்து, "மாப்ளைக்கு எங்க மேல ஏதுங் கோவமுங்களா?" என்று கேட்டார். கோபமே இல்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோன மாதிரி எனக்குள் ஏதோ காலியாகிவிட்டிருந்தது, கொஞ்ச நேரம் தனியாக நின்றால் மறுபடி ஏறிவிடும், அவ்வளவுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? தலைவலி என்று பொய் சொன்னேன். தைலம் கொண்டுவந்து கொடுத்தார்.

2021 மே மாதம், அறை அறையாகக் கூடிக் குரலில் பேசிக்கொள்கிற கிளப்ஹவுஸ் ஆப் ஆண்ட்ராய்டு போன்களுக்கு வந்தது நினைவிருக்கும். ஊரடங்கில் அடைபட்டிருந்த தமிழ்நாடே அதில் ஏறிப் பேசிக்கொண்டிருந்தது. நானும் ஓர் அறைக்குள் சும்மா காது கொடுக்கத்தான் போனேன். நடத்திக்கொண்டிருந்தவர் என் பெயரைப் பார்த்து, "அண்ணா, மேல வாங்க, ஒரு ரெண்டு வார்த்தை" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். நான் போனையே அணைத்துவிட்டேன். அந்த ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது தோன்றியதுதான் இந்த யோசனை. எல்லோரும் பேசுவதற்கு இத்தனை இடம் இருக்கும்போது பேசாதவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? மறுநாளே ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். தெரிந்தவர்களுக்கு அனுப்பிய அழைப்பில், "அதிகம் பேசப் பிடிக்காதவர்களுக்கான குழு, இன்ட்ரோவர்ட்கள் வரலாம்" என்று எழுதியிருந்தேன். பதினொரு நாளில் 140 பேர் சேர்ந்தார்கள். அந்த அழைப்பு வாசகம்தான் என் முதல் தப்பு.

பேசப் பிடிக்காதவர் என்ற ஒரே சாக்கில் நான்கு விதமான ஆட்கள் வந்து விழுந்தார்கள். என்னைப் போலக் கூட்டத்தில் களைத்துத் தனிமையில் தேறுகிறவர்கள் ஒரு பங்கு. பேச ஆசை நிறைய இருந்தும் தப்பாகிவிடுமோ என்று கூச்சப்படுகிறவர்கள் ஒரு பங்கு, அவர்களுக்குத் தேவை தைரியம். நாலு பேர் பார்வை பட்டாலே நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டுகிறவர்கள் சிலர், அவர்களுக்குத் தேவை சிகிச்சை. இன்னும் சிலருக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு, அவர்களுக்கு என்ன தேவை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இவர்களை எல்லாம் நான் ஒரே பெயரில் அழைத்து ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டேன்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சுவிட்சர்லாந்து மனநல அறிஞர் கார்ல் யுங் 1921இல் ஆளுமை வகைகள் பற்றி எழுதியபோது அவர் பார்த்தது மனசின் சக்தி எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை, உள்ளேயா வெளியேயா என்று. வாயாடியா மௌனியா என்பது அவருடைய கேள்வியே கிடையாது. முழுக்க முழுக்க உள்முகமான ஆளும் இல்லை, முழுக்க வெளிமுகமான ஆளும் இல்லை என்பதும் அவர் சொன்னதுதான். அவருக்குப் பின் இங்கிலாந்தில் ஐசெங்க் என்ற உளவியலாளர் அதை மூளையோடு முடிச்சுப் போட்டார். அகமுகர்களுடைய, அதாவது இன்ட்ரோவர்ட்களுடைய மூளை சும்மா இருக்கும்போதே ஓரளவு விழிப்பேறித்தான் இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் சத்தமும் கூட்டமும் சீக்கிரம் அளவு மீறிவிடுகின்றன என்பது அவர் கருத்து. நாக்கில் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று எடை போட்டுப் பார்க்கிற சோதனை ஒன்று அவர் பெயரில் உண்டு, அகமுகர்களுக்கு அதிகம் ஊறுமாம். வீட்டில் நானும் மனைவியும் பஞ்சை வைத்துக்கொண்டு செய்து பார்த்தோம். எங்கள் சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, அதனால் இருவரும் சமம் என்று வந்தது. என் மனைவி பேருந்தில் காந்திபுரம் போய் இறங்குவதற்குள் இரண்டு பேருடைய குடும்ப வரலாற்றைத் தெரிந்துகொண்டு வருகிறவள், அதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி. "ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் நன்றாகப் பேசிவிட்டு வருகிறீர்கள், எதுவும் தப்பாக நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எப்படி இருக்கும்?" நன்றாக நடந்தும் களைப்பாக இருக்கும் என்றால் அவர் எங்கள் ஆள். "நன்றாக நடந்திருந்தால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அப்படி நடக்காதே" என்று சொன்னால் அது கூச்சம். "போகவே முடியாது, நினைத்தாலே வயிறு கலங்குகிறது" என்றால் அவரிடம் குழுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்று பேச வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த அடி வாட்ஸப்பிலேயே விழுந்தது. குழுவில் சேர்ந்தாலே எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே யோசிக்கிற ஆட்களைக் கூட்டி வைத்து அவர்கள் நம்பரை 140 பேருக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது வாரமே இரண்டு பெண்கள் தனித்தனியாக எழுதினார்கள், ஒரே ஆள் ராத்திரி பதினொரு மணிக்கு "சாப்டாச்சா" என்று தனியாக மெசேஜ் போடுகிறான் என்று. அவனை நீக்கினேன். ஆனால் நம்பர் போனது போனதுதானே. இன்னொன்று, அப்போதெல்லாம் யாராவது குழுவிலிருந்து வெளியேறினால் இன்னார் வெளியேறினார் என்று எல்லோருக்கும் ஒரு வரி காட்டும். அட்மினுக்கு மட்டும் தெரியும்படி வாட்ஸப் அதை மாற்றியது 2022 ஆகஸ்டில்தான். அந்த ஒரு வரிக்குப் பயந்தே பிடிக்காமல் மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. வந்த சுவடும் போன சுவடும் தெரியாத இடமாகத் தேர்ந்தெடுங்கள், நம்பரை மறைத்துப் புனைபெயரில் இருக்க முடிகிற இடமாக. பெண்களுக்குத் தனிமெசேஜ் அனுப்பக் கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதி வையுங்கள், யாரோ ஒருவர் அழுத பிறகு எழுதாதீர்கள்.

சரி, இனி நான் வெட்கப்படுகிற பகுதி. இரண்டாவது மாதம் குழு அமைதியாகிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று மெசேஜ், நான்கு மெசேஜ், சில நாள் ஒன்றுகூட இல்லை. பேசாதவர்கள் கூடிய இடத்தில் சத்தம் இல்லை என்று நான் பதறிப்போனேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. காலையில் ஒரு கேள்வி, சாயங்காலம் ஒரு கருத்துக்கணிப்பு, வாரக்கடைசியில் வீடியோவில் சந்திப்பு என்று வரிசையாக ஆரம்பித்தேன். இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்று காசு கட்டிச் சந்தா வாங்கினேன். ஐந்து மாதத்தில் ஒரு கூட்டம்கூட நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து, கறுப்புக் கட்டங்களாக இருப்பார்கள். நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பேன். ஒருமுறை மின்சாரம் போய் நான் விடுபட்டுப்போனேன், திரும்பி வந்தபோதும் அவர்கள் அப்படியே இருந்தார்கள்.

அதோடு விட்டேனா? 2021 அக்டோபரில் ஓர் அறிவிப்புப் போட்டேன்: பதினைந்து நாளில் ஒரு தடவையாவது எழுதாதவர்கள் நீக்கப்படுவார்கள். சொன்னபடி ஒரே ராத்திரியில் 61 பேரை நீக்கினேன். மறுநாள் காலை அதில் ஒருவரிடமிருந்து ஒரு மெசேஜ். "தினமும் காலையில் டீ குடிக்கும்போது நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படிப்பேன். என்னைப் போல நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. நான் பேசவில்லைதான், ஆனால் இருந்தேன்." வேலைக்குப் போகிற பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மாமனார் வீட்டில் யாரும் என்னை வாசலுக்குத் துரத்தவில்லை, தைலம்தான் கொடுத்தார்கள். நான் துரத்தியிருந்தேன்.

இணையக் குழுக்களைப் பற்றி ஜேக்கப் நீல்சன் என்ற இணையதள ஆய்வாளர் 2006லேயே எழுதியிருக்கிறார், நூறு பேர் இருந்தால் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று. எல்லாக் குழுவுக்கும் பொதுவான கணக்கு அது. அகமுகர் குழுவில் அந்தத் தொண்ணூறு பேர்தான் வீட்டுக்காரர்கள், எழுதுகிற நாங்கள்தான் விருந்தாளிகள். குழுவில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க மெசேஜ்களை எண்ணாதீர்கள். எழுதியதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அது போதும். கட்டாய அறிமுகம் வேண்டவே வேண்டாம். "புதிதாக வந்தவர்கள் உங்களைப் பற்றி நாலு வரி சொல்லுங்கள்" என்று நான் போட்ட வரியைப் பார்த்தே பத்துப் பேராவது ஓடியிருப்பார்கள்.

ஆப் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன், நினைத்தாலே எரிச்சல். இருக்கிற செயலிகள் எல்லாம் வாயாடிகளுக்காகச் செய்தவை, நமக்கென்று ஒன்று செய்வோம் என்று கிளம்பி, தெரிந்தவர் மூலம் ஒருவரைப் பிடித்து 75,000 பேசி 40,000 முன்பணம் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. எத்தனை நாளில், என்னென்ன வேலை செய்யும், பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும் என்று எதுவும் கேட்கவில்லை. தினமும் ஆலையில் அடுத்தவர் பில்லில் தேதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறவன் நான். நான்கு மாதம் கழித்து உள்ளே நுழைகிற பக்கம் மட்டும் வந்தது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்டு வாங்கியிருக்கலாம், சண்டை போடுகிற தெம்பு இல்லாமல் விட்டுவிட்டேன். அந்த 40,000 உண்மையில் நான் கேட்கக் கூச்சப்பட்டதற்கான விலை. அகமுகம் வேறு, கூச்சம் வேறு என்று மேலே பெரிதாக எழுதினேன் அல்லவா, என்னிடம் இரண்டும் உண்டு.

2022 ஏப்ரலில் நேர்ச் சந்திப்பு. வருகிறேன் என்று 43 பேர் கைதூக்கினார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம் 8,000 ரூபாய் வாடகை, நாற்பது பேருக்குத் தலைக்கு 150 ரூபாய்ச் சாப்பாடு, பேனர், சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டை. வந்தது ஏழு பேர். நாற்பது நாற்காலியை வட்டமாகப் போட்டு வைத்திருந்தேன், வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும் என்று. அந்த ஏழு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மீதிச் சாப்பாட்டை மண்டபத்துக்காரர்கள் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் கிளம்பியபோது, வராத 36 பேர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதான் உறைத்தது, வேறொருவர் நடத்தியிருந்தால் நானும் கைதூக்கிவிட்டு அன்று காலையில் வயிற்றுவலி என்று மெசேஜ் போட்டிருப்பேன். முதலில் ஆறு பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள், முன்பணம் கட்டி எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். சந்திப்பில் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில் நடந்த ஒன்றுதான் என்னை உலுக்கியது. அந்தப் பையனை அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். கல்லூரி மாணவன். 2022 தொடக்கத்தில் கல்லூரிகள் மறுபடி நேரில் திறந்தபோது குழுவில் எழுதினான், வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, வீடுதான் நிம்மதி என்று. நாங்கள் எல்லோரும் பாய்ந்து போய் ஆறுதல் சொன்னோம். நீ நீயாக இரு, உலகம் வாயாடிகளுக்காகச் செய்தது, உன்மேல் தப்பில்லை. இதயம் போட்டோம். மறுபடி மறுபடி எழுதினான், கேன்டீனுக்குப் போவதில்லை, பிறகு பேருந்தில் ஏற முடியவில்லை, பிறகு கடைக்கும் தம்பிதான் போகிறான். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் இதயம் போட்டோம். இரண்டு மாதம் கழித்து அவனுடைய அக்கா என்னைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். திட்டவில்லை. "அவன் உங்க குரூப்பைக் காட்டி, எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க, இது இயல்புதான்னு சொல்றானுங்கண்ணா. டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." நான் பேசினேன், என் வாழ்க்கையிலேயே நீளமான போன் அதுதான். மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். சமூகப் பதற்றம் என்றார், நோய்தான், குணமாகக் கூடியது என்றார். ஒரு பருவத்தேர்வு போனது, இப்போது படித்து முடித்துவிட்டான். ஆனால் அந்த இரண்டு மாதம் எங்களால் போனது.

தனிமை பிடித்துப் போய் வீட்டில் இருப்பவருக்கு வீட்டில் நிம்மதி இருக்கும், வேண்டியபோது வெளியே போகவும் முடியும். பயந்து வீட்டில் இருப்பவருக்கு நாளுக்கு நாள் உலகம் சுருங்கும், வீட்டுக்குள்ளேயும் நாளைய பயம் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் அப்படி நீண்டு, படிப்பையோ வேலையையோ தொட்டால் அதைச் சுபாவம் என்று தட்டிக்கொடுக்கக் கூடாது. எங்கள் குழுவில் இப்போது மேலேயே குத்தி வைத்திருக்கிற செய்தியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. சென்னையில் 1986இலிருந்து இருக்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. பேசுவதற்கே பயப்படுகிறவரிடம் போன் நம்பரைக் கொடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறதுதான். அதனால் "நான் கூட இருக்கட்டுமா?" என்று ஒருவர் தனியாகக் கேட்பதையும் வழக்கமாக வைத்திருக்கிறோம்.

அந்தப் போனுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போனது. இரவு பன்னிரண்டு மணிக்கும் யார் என்ன எழுதினார்கள், யாருக்கு ஆபத்து என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மனைவி லைட்டைப் போட்டுவிட்டுக் கேட்டாள், "ஏனுங்க, எங்க அக்கா வீட்டு விசேஷத்துல ஒரு மணி நேரம் உக்கார முடியாதுன்னீங்க. இங்க தெனமும் நூறு பேருக்கு விசேஷம் நடத்தறீங்களே?" பதில் இல்லை. குழு நடத்துவது என்பது பந்தி விசாரிக்கிற வேலை. போய்ப் போய் அந்த வேலையை என் தலையில் நானே தூக்கி வைத்திருந்தேன். 2022 ஆகஸ்டில் சொல்லாமல் கொள்ளாமல் குழுவை விட்டு வெளியே வந்தேன். குழு மூன்று வாரம் தலையில்லாமல் கிடந்தது.

மிஞ்சியவர்கள் சிலர் டெலிகிராமில் சின்னதாக ஒன்று ஆரம்பித்து, மெதுவாக என்னையும் கூப்பிட்டார்கள். அட்மின் ஆக மாட்டேன் என்ற நிபந்தனையோடு சேர்ந்தேன். மூன்று பேர் முறைவைத்து மாதத்துக்கு ஒருவராகப் பார்த்துக்கொள்கிறார்கள், முறை இல்லாதவர்கள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. டெலிகிராமில் ஸ்லோ மோட் என்று ஒன்று உண்டு, அதை ஒரு மணி நேரத்தில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த ஒரே ஏற்பாட்டில் குணமே மாறிவிட்டது. "ஹாய்", "ஓகே", "ஹாஹா" எல்லாம் ஒழிந்தது. யோசித்து எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் மறுநாள் பதில் எழுதுகிறார், யாருக்கும் அது தாமதமாகத் தெரிவதில்லை. அட்மின்களுக்கு அந்தத் தடை பொருந்தாது, அதனால் அவர்கள் தாங்களாகவே பொறுத்துக்கொள்கிறார்கள். ஆள் எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் இரண்டாகப் பிரிக்கலாம் என்று முடிவு, இன்னும் தாண்டவில்லை. செலவு ஒன்றும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிங்காநல்லூர் குளத்துக்கரையில் நடக்கிறோம். நான்கு பேர், அதிகம் போனால் ஆறு. பக்கத்தில் பக்கத்தில் நடப்பதால் முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு வறண்டால் பார்க்கக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இருக்கின்றன. வராவிட்டால் காரணம் சொல்ல வேண்டாம் என்பதுதான் ஒரே விதி. பிறகு டீக்கடையில் டீ, அவரவர் காசு.

அன்று நான் நீக்கியவர், டீ குடிக்கும்போது படிப்பேன் என்று எழுதினவர், மன்னிப்புக் கேட்டு அழைத்ததும் வந்து சேர்ந்தார். இத்தனை நாளில் மூன்று செய்திதான் எழுதியிருக்கிறார். மூன்றாவது போன வாரம், குளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கரையோரம் நீலத் தாழைக்கோழி குஞ்சோடு போனது என்று. சாயங்காலம் வரை அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி, "பாவமுங்க, ஒருத்தருங்கூடப் பதில் போடலையே" என்றாள். எல்லோரும் படிச்சிருப்பாங்க என்றேன். நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போடப் போனாள்.